நூறு எம்பிபிஎஸ் பிளானில் நாலரைதான் வருகிறது: கோளாறு லைனிலா, வீட்டிலா?

கேள்வி: கீழக்கரையில் உம்மா வீட்டில் இருக்கிறோம். பழைய காலத்து வீடு. சுண்ணாம்புக் காரைச் சுவர்கள், நடுவில் முற்றம். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்கியிருக்கிறோம். ரூட்டர் வாசல் ஹாலில், சுவர் அலமாரிக்குள் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் என் மகளின் அறை மாடியில், பின்பக்கம். அவளுடைய பயிற்சி வகுப்பின் பாட வீடியோ ஒன்று ஒன்றரை ஜிபி இருக்கும். லேப்டாப்பில் அது இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. திரையில் விநாடிக்கு 550 கேபி என்று காட்டுகிறது. ஹாலில் ரூட்டர் பக்கத்தில் நின்று மொபைலில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 35 வருகிறது. ராத்திரியில் எல்லாமே இன்னும் மோசம். துபாயில் இருக்கும் கணவரோடு வீடியோ காலில் பேசும்போது படம் அப்படியே நின்றுவிடுகிறது. இணைப்பு கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டு லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். கடையில் புது ரூட்டர் வாங்கச் சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் தம்பி 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்கிறான். எதற்குச் செலவு செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, இப்போதைக்கு எதற்கும் செலவு செய்யாதீர்கள். மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் யாரும் வைஃபையை விட்டு, கம்பி வழியாக அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த ஒரு அளவு இல்லாமல் ரூட்டர் மாற்றினாலும் பிளான் மாற்றினாலும், உங்கள் மகளின் அறையில் வேகம் இதே அளவில் நிற்கத்தான் வாய்ப்பு அதிகம்.

முதலில் நீங்கள் எழுதிய எண்களைப் பார்ப்போம். அவையே பாதி பதிலைச் சொல்லிவிடுகின்றன. பிளானில் சொல்லும் 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. லேப்டாப் திரையில் இறங்கும்போது காட்டுவது பைட் கணக்கு. எட்டு பிட் ஒரு பைட். அதனால் 100 எம்பிபிஎஸ் முழுதாக வந்தாலும் திரையில் விநாடிக்கு 12.5 எம்பிக்கு மேல் தெரியாது. நடைமுறையில் 11 சொச்சம் தெரிந்தாலே முழு வேகம்தான். அந்த வேகத்தில் ஒன்றரை ஜிபி வீடியோ இரண்டு நிமிஷத்தைக் கொஞ்சம் தாண்டி இறங்கி முடிய வேண்டும். உங்களுக்கு வருவது 550 கேபி. எட்டால் பெருக்கினால் 4.4 எம்பிபிஎஸ். முக்கால் மணி நேரம் என்று நீங்கள் எழுதியதும் இந்தக் கணக்கோடு சரியாகப் பொருந்துகிறது.

நாலு எம்பிபிஎஸ் பக்கம் ஒரு எண்ணைப் பார்த்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் மாத அளவு தீர்ந்துவிட்டதோ என்பதுதான். அளவில்லாத பிளான் என்று சொல்லி விற்றாலும், இத்தனை ஜிபிக்கு மேல் போனால் வேகம் குறையும் என்ற வரி பெரும்பாலான பிளான்களில் உண்டு. ஆனால் உங்கள் விஷயத்தில் அது இல்லை. ஹாலில் 35 வருகிறதே! அளவு தீர்ந்து வேகத்தைக் குறைத்திருந்தால் ஹாலிலும் அதே நாலுதான் வரும். ஆகவே வாசல் வரை குறைந்தது 35 வருகிறது. வாசலிலிருந்து பின்னறைக்குப் போவதற்குள் 35 நாலாகிவிடுகிறது. பெரிய இழப்பு வீட்டுக்குள்தான் நடக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மீதி 65 எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குத்தான் கம்பி வேண்டும்.

ரூட்டரின் பின்னால் லேன் என்று எழுதிய துளைகள் இருக்கும். அதில் ஒரு லேன் கேபிளைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் செருகுங்கள். இப்போதைய மெல்லிய லேப்டாப்புகளில் அந்தத் துளை இருக்காது. யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்று வேண்டும். தெரிந்தவர்களிடம் இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம். வாங்குவதென்றால் யுஎஸ்பி 3.0, கிகாபிட் என்று பார்த்து வாங்குங்கள். பிறகு லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் அளவே வீண். கம்பியில் அளப்பதாக நினைத்துக்கொண்டு காற்றில் அளந்துகொண்டிருப்போம். வீட்டில் மற்ற மொபைல்கள், டிவி எல்லாவற்றின் வைஃபையையும் அந்தப் பத்து நிமிஷம் நிறுத்தி வையுங்கள். இப்போது ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். விடியற்காலை ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிவாக்கில் ஒரு தடவை. தேதி, நேரம், எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்; பின்னால் புகார் கொடுக்க வேண்டி வந்தால் இந்தத் தாள்தான் உங்கள் சாட்சி.

மூன்று நேரமும் 90-க்கு மேல் வந்தால், லைன் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். விடியற்காலை 90, ராத்திரி 15 என்று வந்தால், உங்கள் வீட்டில் கோளாறு இல்லை. இணைப்பு கொடுப்பவர்கள் தங்கள் கொள்ளளவுக்கு மேல் வீடுகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு ஃபைபர் இழையை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுப்பது சாதாரணமாக நடப்பதுதான். ஜிபான் என்னும் அந்த முறையில் அத்தனை வீட்டுக்கும் சேர்த்துக் கீழே வரும் வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அது பெரும்பாலும் போதும். நெரிசல் பெரும்பாலும் அதற்கும் மேலே, ஊரிலிருந்து வெளியே போகும் பொது லைனில் ஏற்படுகிறது. அங்கே நெரிசலாக இருக்கும்போது நீங்கள் 300-க்கு மாறினால் பணம்தான் கூடும்; ராத்திரி ஒன்பது மணிக்கு அதே 15தான்.

கம்பியிலேயே எந்த நேரமும் சரியாக 9 சொச்சத்தில் நின்றால் அது கேபிளின் கோளாறு. கேபிள் பழுதாகியோ முனை பச்சை பிடித்தோ இருக்கும்போது, ரூட்டர், லேப்டாப் இரண்டும் 10 எம்பிபிஎஸ் என்ற பழைய வேகத்துக்கு இறங்கிவிடுவதுண்டு. வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். இதே மாதிரி 94 பக்கத்தில் ஒரு மட்டம் உண்டு. சாதாரண ரூட்டர் பலவற்றில் லேன் துளையின் உச்ச வேகமே 100 எம்பிபிஎஸ்தான். அப்படிப்பட்ட பெட்டியில் 300 பிளான் போட்டாலும் கம்பியில் 94-ஐத் தாண்டாது. தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் கம்பியில் நல்ல வேகம்தான் வரும் என்று நினைக்கிறேன். அதனால் காற்றில் நடப்பதை விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும் வகையாக இருந்தால், மொபைலில் இரண்டு பெயர்கள் தெரியலாம். ஒன்று சாதாரணப் பெயர், இன்னொன்று அதே பெயருக்குப் பின்னால் 5ஜி என்று சேர்த்தது. 5ஜி சிம் இருந்தால்தான் அதில் சேர முடியும் என்று நினைத்துப் பலர் அதைத் தொடுவதே இல்லை. சிம்முக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ஹாலில் உங்களுக்கு வந்த 35, சாதாரண மொபைல் ஒன்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் எண். அதே இடத்தில் நின்று 5ஜி என்ற பெயரில் சேர்ந்து மறுபடி அளந்து பாருங்கள். 80, 90 என்று வந்தால் காணாமல் போன 65 கிடைத்துவிட்டது. அந்தப் பெயரே தெரியவில்லை என்றால் ரூட்டர் 2.4 மட்டும் கொண்ட பழைய வகையாக இருக்கலாம், அல்லது இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கலாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் வகை எண் இருக்கும். அதை வைத்துத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டுவதில் பலவீனமானது. கீழக்கரையின் பழைய வீட்டுச் சுவர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெயிலை உள்ளே விடாத அதே கனம் வைஃபையையும் விடாது. மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்திருந்தால் இன்னும் மோசம், நீர் இந்த அலைகளை விழுங்கும். ஐப்பசி கார்த்திகையில் நெட் மந்தமாகிறது என்று இந்தக் கரையில் பலரும் சொல்வதில், மின்வெட்டோடு இதற்கும் பங்கு உண்டு. போதாததற்கு ரூட்டரைச் சுவர் அலமாரிக்குள் வேறு வைத்திருக்கிறீர்கள். அலமாரியின் மூன்று பக்கமும் அதே கனமான சுவர். பக்கத்தில் இரும்பு பீரோவோ ஃப்ரிட்ஜோ இருந்தால் அந்தப் பக்கம் சுத்தமாக அடைத்துவிடும்.

மகளின் லேப்டாப் பின்னறையில் நிச்சயம் 2.4-ல்தான் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் கடைசிப் படியில். வைஃபை, சிக்னல் குறையக் குறையத் தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். இன்று வழக்கிலுள்ள சாதாரண வகையில் அந்தக் கடைசிப் படி 6.5 அல்லது 7.2 எம்பிபிஎஸ். அதிலும் பாதிக்குச் சற்று மேல்தான் உண்மையான டவுன்லோடாகக் கைக்கு வரும். உங்கள் 4.4 அங்கேதான் விழுகிறது. ஆண்ட்ராய்டு மொபைலில் வைஃபை அனலைசர் என்ற வகையில் ஒரு இலவச ஆப் போட்டு, மகளின் மேஜையருகே நின்று சிக்னலைப் பாருங்கள். கழித்தல் குறியோடு ஒரு எண் வரும். -50 அருமை. -65 வரை கவலையில்லை. -75-க்குக் கீழே போனால் வேகம் எதிர்பார்க்கக் கூடாது. அந்த அறையில் -80-ஐ ஒட்டி இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது.

இந்தப் பலவீனமான இணைப்பு மகளை மட்டும் பாதிப்பதில்லை. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். ஏழு எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும் லேப்டாப், ஒரே அளவு தரவுக்கு மற்றவற்றைவிடப் பத்து மடங்கு நேரம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் ஊர்ச் சந்தில் முன்னால் தள்ளுவண்டி போனால் பின்னால் வரும் பைக்கும் அதன் வேகத்தில்தான் போக வேண்டும், அதே கதைதான். ராத்திரியில் நீங்கள் ஹாலில் கணவரோடு பேசும் நேரமும் மகள் மாடியில் பாடம் இறக்கும் நேரமும் ஒன்றாக இருந்தால், வீடியோ கால் நின்று நின்று வருவதற்கு இதுவே போதுமான காரணம்.

சரி, என்ன செய்வது? காசில்லாத வேலை முதலில். ரூட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, திறந்த இடத்தில் வையுங்கள். ஆண்டெனா இருந்தால் எல்லாவற்றையும் நேராக நிறுத்தாமல் ஒன்றைப் படுக்கவாட்டில் சாய்த்து விடுங்கள்; நேராக நிற்கும் ஆண்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், மேல்மாடிக்கு சாய்ந்தது உதவும். பிறகு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் (பிரவுசரில் பெரும்பாலும் 192.168.1.1 என்று அடித்தால் திறப்பது), 2.4-க்கான சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள். இவை மூன்றுதான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. உங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவராக இருக்கும். அக்கம்பக்கத்து ரூட்டர் எல்லாம் எந்தச் சேனலில் குவிந்திருக்கின்றன என்று அதே அனலைசர் ஆப் காட்டும், கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும், 40 வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸுக்கு 36 முதல் 48 வரை ஏதாவது ஒன்று. அதற்கு மேலே 52 தொடங்கும் சேனல்கள் பல, ராடார் அலையைக் கண்டால் விலகிக்கொள்ள வேண்டியவை. இடையிடையே காரணம் தெரியாமல் இணைப்பு அறுந்து வரும்.

இந்த மாற்றங்களால் 4 என்பது 10, 15 ஆகலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். உங்கள் வீட்டுக்குச் சரியான மருந்து, பெட்டியை வாசலிலிருந்து வீட்டின் நடுவுக்குக் கொண்டுவருவது. இணைப்பு கொடுக்க வருபவர்கள் வாசல் பக்கம் முதலில் கிடைக்கும் பிளக்கைப் பார்த்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் என்று எங்கே போனாலும் ரூட்டர் வாசல் ஹாலில்தான் இருக்கிறது, இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னும் பதினைந்து மீட்டர் ஃபைபர் இழுத்தால் அந்தக் குடும்பத்துக்கு வருஷக்கணக்கில் நிம்மதி. ஃபைபரில் கிலோமீட்டருக்கே அரை டெசிபல்கூட இழப்பில்லை. பதினைந்து மீட்டரில் ஒன்றுமே தெரியாது. இரண்டு முனையிலும் பச்சை நிற கனெக்டர் கொண்ட ரெடிமேட் ஃபைபர் கேபிள் பல நீளங்களில் கிடைக்கிறது. லைன்மேனிடம் கேட்டு அதைப் போடச் சொல்லுங்கள். பச்சைத் துளையில் நீல முனையைச் செருக விடாதீர்கள், முனைகளின் சாய்வு வேறு. கதவிடுக்கிலோ ஆணியைச் சுற்றியோ மடிக்காமல், வளைவு உள்ளங்கை அகலத்துக்காவது இருக்கும்படி கொண்டுபோகச் சொல்லுங்கள். ஃபைபர் ஒடியாவிட்டாலும், கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

எங்கே வைப்பது? முற்றத்தைப் பார்த்த தாழ்வாரத்தில், சாரல் அடிக்காத உட்பக்கச் சுவரில். அங்கிருந்து முற்றத்தின் திறந்த வெளி வழியாக அலை மாடிக்கு ஏறும், சுவரைக் குடைய வேண்டியதில்லை. மகளின் அறைச் சன்னல் முற்றத்தைப் பார்த்து இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸே அங்கே கிடைக்க வாய்ப்பிருக்கிறது.

அறைச் சன்னல் மறுபக்கம் பார்த்து இருந்தால் ஒரு லேன் கேபிளை அந்த அறைக்கே இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரை லேன் கேபிளில் வேகம் குறையாது. கேட் 6 என்று கேளுங்கள், முழுச் செம்பு என்று கேளுங்கள். விலை குறைவு என்று பலரும் போடுவது அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியது. முனையைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அந்த வகை. நம் கடற்கரை உப்புக் காற்றில் முலாம் போன இடத்தில் அலுமினியம் சீக்கிரம் பொடிந்துவிடும். வாங்கவே வாங்காதீர்கள். கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பியையும் முனையில் பொருத்தி கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். நான்கு போதும் என்பார்கள், 100 எம்பிபிஎஸ் வரை அது உண்மைதான், நாளைக்கு அதற்கு மேல் போக நினைத்தால் எட்டும் வேண்டும். கேபிளை மொட்டைமாடி வழியாகக் கொண்டுபோக வேண்டாம். வெயிலில் சாதாரண உறை வெடிக்கும், அதைவிட முக்கியம் இடி. வடகிழக்குப் பருவமழையில் பக்கத்தில் இடி விழுந்தால் வெளியே கிடக்கும் செம்புக் கம்பி வழியாக மின்சாரம் ஏறி ரூட்டர், லேப்டாப் இரண்டையும் ஒரே நொடியில் எரித்துவிடும். ஃபைபரில் அந்தப் பயமில்லை. செம்புக் கேபிளை வீட்டுக்குள்ளேயே, மாடிப்படி ஓரமாகக் கொண்டுபோங்கள்.

மாடியில் மகளின் மொபைலுக்கும் வைஃபை வேண்டுமென்றால், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டர் ஒன்றை அந்தக் கேபிள் முனையில் மாட்டலாம். கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் அதன் டிஹெச்சிபி வேலையை அணைத்து, அதற்கு முதல் ரூட்டரிலிருந்து வேறான முகவரி, உதாரணமாக 192.168.1.2 கொடுத்து, கேபிளை அதன் வேன் (WAN) என்று எழுதிய துளையில் செருகாமல் லேன் துளையில் செருக வேண்டும். தெரிந்த பையன் ஒருவன் இருந்தால் கால் மணி நேர வேலை. கடையில் இதற்குப் பதிலாக ரிப்பீட்டர் என்று சுவர் பிளக்கில் மாட்டும் சின்னப் பெட்டியைக் கொடுப்பார்கள். அது வாங்கிய சிக்னலையே அதே அலைவரிசையில் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். அதையும் பின்னறையில் மாட்டினால், ஏற்கெனவே செத்த சிக்னலைத்தான் திரும்பச் சொல்லும். சிக்னல் கோடு முழுதாகக் காட்டும், வேகம் மட்டும் இருக்காது.

ராத்திரி மோசமாவதற்கு நெரிசலையும் மகளின் லேப்டாப்பையும் தவிர வேறு சில காரணங்களும் உண்டு. வீட்டிலுள்ள மொபைல்களைச் சார்ஜில் போட்டதும் அன்றைய போட்டோ, வீடியோ எல்லாம் பேக்கப் ஆகத் தொடங்கும். மேலே ஏற்றும் வழி அடைபட்டால் கீழே இறங்குவதும் தடுமாறும், ஏனென்றால் ஒவ்வொரு துண்டு இறங்கியதும் வந்துசேர்ந்தது என்ற பதில் மேலே போக வேண்டும். வீடியோ கால்தான் இதில் முதலில் அடிபடும். பேக்கப்பை நள்ளிரவுக்குப் பிறகு நடக்கும்படி வைக்க முடிந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் பேசும் நேரத்தில் நிறுத்தி வையுங்கள். வாசலில் கேமரா மாட்டி அது இணையத்தில் பதிவு செய்துகொண்டிருந்தால் அதுவும் இரவு பகலாக ஏற்றிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் விபிஎன் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எல்லாமே வெளிநாட்டைச் சுற்றிக்கொண்டு வரும். பெருநாளுக்கு வந்த விருந்தாளிகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பாஸ்வேர்டு பரவியிருக்கும். கேட்டால் இல்லை என்று சொல்ல மனம் வராது, எனக்குத் தெரியும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் எத்தனை கருவிகள் இணைந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு, தேர்வு முடியும் வரை மட்டுமாவது பாஸ்வேர்டை மாற்றி வையுங்கள்.

அந்த ஒரு பயிற்சித் தளம் மட்டும் மந்தமா என்பதையும் பார்த்துவிடுங்கள். கம்பியில் ஸ்பீடு டெஸ்ட் 90 காட்டும்போதும் அந்த வீடியோ 550 கேபியில்தான் இறங்குகிறது என்றால், அந்தத் தளம் ஒருவருக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அதற்கு உங்கள் வீட்டில் வைத்தியம் இல்லை.

கம்பி அளவிலேயே வேகம் குறைவாக வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில், பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரியில், ஃபைபரில் வரும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற கணக்கில் இருக்கும். இதுவும் கழித்தல் எண். -15 முதல் -25 வரை நல்லது. -27-ஐத் தொட்டால் விளிம்பில் நிற்கிறது. எந்த நேரமும் சிவப்பு விளக்கு எரியலாம். நம் பக்கம் இது கெடுவதற்குக் காரணங்கள் உண்டு. கம்பத்தில் தொங்கும் இணைப்புப் பெட்டியின் மூடி சரியாக மூடாமல் மழைநீர் இறங்கும். கச்சான் காற்று பலமாக வீசும் மாதங்களில் கேபிள் தென்னை மட்டையிலும் பனை மட்டையிலும் உரசி உறை தேயும். அணில் கடிக்கும். கண்ணாடி இழை உப்பில் துருப்பிடிக்காது, ஆனால் அதன் முனையில் படியும் ஒரு துளி அழுக்கே ஒளியைக் குறைக்கப் போதும். லைன்மேன் வரும்போது உங்கள் வீட்டு முனையை அதற்கான துடைப்பானால் துடைத்து, மீட்டர் வைத்து எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். விளக்கு பச்சையாக எரிகிறது என்பது மட்டும் அளவு ஆகாது. நீங்களே முனையைக் கழற்றி ஊதவோ, ஒளி வருகிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்க்கவோ வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணுக்கு ஆகவும் ஆகாது.

செம்பு முனைகளில்தான் உப்பு தன் வேலையைக் காட்டும். லேன் கேபிளின் பிளாஸ்டிக் முனைக்குள் தங்க நிறத்தில் எட்டுப் பல் இருக்கும். அதில் பச்சை படர்ந்திருந்தால் முனையை வெட்டிப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ரூட்டரின் மின் அடாப்டரும் இங்கே சீக்கிரம் தளரும். அடிக்கடி தானாக அணைந்து எரிந்தால் அடாப்டரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாற்றும்போது வோல்ட் அச்சடித்ததற்குச் சரிசமமாகவும், ஆம்பியர் அதற்குக் குறையாமலும் இருக்க வேண்டும். மின்வெட்டுக்காகச் சின்ன யுபிஎஸ் வாங்கினாலும் இதே கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. ரூட்டரை அணைத்துப் போடலாம், தப்பில்லை. பின்னால் சின்னத் துளைக்குள் இருக்கும் ரீசெட்டைக் குண்டூசியால் அழுத்த வேண்டாம். இணைப்பு கொடுத்தவர்கள் போட்டு வைத்த பயனர் பெயர், அமைப்புகள் எல்லாம் அழிந்து, அவர்கள் வரும் வரை வீட்டில் நெட்டே இருக்காது.

லைன் கோளாறு என்று உறுதியானால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் எண்ணிலோ ஆப்பிலோ புகார் பதிந்து, டாக்கெட் எண் என்னும் புகார் எண்ணை வாங்குங்கள். அது கொடுப்பது அவர்கள் கடமை. நீங்கள் எழுதி வைத்த தேதி, நேரம், எண் எல்லாவற்றையும் புகாரில் சேர்த்து, கம்பியில் அளந்தது என்று தெளிவாக எழுதுங்கள். வைஃபையில் அளந்த எண்ணைக் கொடுத்தால் வீட்டுச் சுவரைக் காட்டிப் புகாரை மூடிவிடுவார்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் உண்டு. டாக்கெட் எண்ணைக் காட்டி அவரிடம் எழுதலாம், கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசு 2023 ஜனவரியில் பிராட்பேண்ட் என்பதற்குக் குறைந்தபட்ச வேகம் 2 எம்பிபிஎஸ் என்று வரையறுத்தது. அதற்கு மேல்தானே வருகிறது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது பிராட்பேண்ட் என்று விற்பதற்கான கீழ் எல்லை. நீங்கள் பணம் கட்டியது 100-க்கு.

இனி செலவுக்கு வருவோம். கம்பியில் 90 வந்தால் 300 பிளான் தேவையே இல்லை. ஒரு வீட்டுக்குப் படிப்பும் வீடியோ காலும் நூறில் தாராளமாக நடக்கும். புது ரூட்டர், இப்போது இருப்பது 2.4 மட்டும் கொண்டதாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கடைக்காரர் காட்டும் வைஃபை 6 நல்லதுதான், ஆனால் அதுவும் இதே அலைவரிசைகளில்தான் ஓடுகிறது, உங்கள் சுவரை அது மட்டும் தனியாகத் துளைத்துவிடாது. முதல் செலவு ஃபைபர் நீட்டிப்பு. போதவில்லை என்றால் மாடிக்கு லேன் கேபிள். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு நல்ல ரூட்டரின் விலை வராது.

இந்த வேலைகள் முடியும் வரை மகளின் படிப்பு நிற்க வேண்டாம். பாடம் இறக்கும்போது மட்டும் லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டுவந்து கம்பியில் செருகச் சொல்லுங்கள். பஜ்ர் தொழுகைக்கு எழும் விடியல் நேரத்தில் தொடங்கினால் தெருவே அமைதியாக இருக்கும். அன்றைக்கு வேண்டிய நாலைந்து வீடியோவும் அவள் பல் தேய்த்து டீ குடித்து முடிப்பதற்குள் இறங்கியிருக்கும்.